பொதுமக்கள் நலன் கருதி

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிறு இரவு நீ விமான நிலையத்திலிருந்து பேசியபோது நான் சொன்னது இரண்டே வார்த்தை: "சரி, தூங்கு." போனை வைத்ததும் உன் அம்மா, "விமானம் தாமதமா?" என்றாள். ஆமாம் என்றேன். மறுநாள் காலை அவள் ஒரு படி மேலே போய், விசாவில் ஏதோ எழுத்துப்பிழை என்று எதிர்வீட்டு டீச்சரிடம் சொல்லிவைத்தாள். முப்பத்து நான்கு வருடம் பாஸ்போர்ட் அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் வீட்டில் எழுத்துப்பிழை! டீச்சர் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அவளிடம் உள்ளதைச் சொன்னேன்: விமான நிலையத்தில் உன்னை நிறுத்தி, வெளிநாடு போகவிடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று. அழுவாள் என்றுதான் நீயும் நானும் பயந்தோம். அழவில்லை. "என்ன குற்றமாம்?" என்றாள். தெரியாது. "யாரைக் கேட்டால் தெரியும்?" அதுவும் தெரியாது. "பின்னே இத்தனை வருடம் அங்கே என்னத்தைத்தான் பார்த்தீர்கள்?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்தக் கேள்வி காதைவிட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். போனில் பேச மனமில்லை. கடிதத்தையும் யாராவது பிரிக்கலாம்; பிரித்தால் படிக்கட்டும், என் கையெழுத்து இன்னும் திருத்தமாகத்தான் இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1979-இல். எங்கள் சூப்பிரண்டு வெற்றிலை போடுகிறவர், கறாரானவர். முதல் வாரமே புதியவர்கள் மூன்று பேரை உட்காரவைத்து இரண்டு வழக்குகளைக் கதைபோலச் சொன்னார். முதல் கதை 1967-இல் நடந்தது. அதுவரை பாஸ்போர்ட்டுக்கென்று மறுப்பதற்கும் கொடுப்பதற்கும் தனிச் சட்டம் கிடையாது. அரசு மனமிரங்கிக் கொடுத்தால் உண்டு. மோட்டார் உதிரிபாக வியாபாரி ஒருவரிடம் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடு என்றார்கள். அவர் உச்ச நீதிமன்றம் போனார். வெளிநாடு போவதும் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு காக்கும் சுதந்திரத்துக்குள் அடங்கும், சட்டம் இல்லாமல் அதில் கை வைக்க முடியாது என்று ஐந்து நீதிபதிகளில் மூவர் தீர்ப்பளித்தார்கள். அது ஏப்ரல் 10. அரசு விழுந்தடித்துக்கொண்டு சட்டம் செய்தது. ஜூன் 24-இல் பாஸ்போர்ட் சட்டம் வந்துவிட்டது. இப்போது அந்தத் தேதியைத்தான் பாஸ்போர்ட் சேவை தினம் என்று இனிப்புக் கொடுத்துக் கொண்டாடுகிறார்கள். கோர்ட்டில் வாங்கிய குட்டுக்குப் பிறந்தநாள்!

"அந்த வழக்கின் தலைப்பில் ஒரு உதவி பாஸ்போர்ட் அதிகாரியின் பெயர் இருக்கிறது. முடிவு எடுத்தது டெல்லி, மாட்டியது அவர் பெயர். கையெழுத்துப் போடும் முன் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்" என்பார் சூப்பிரண்டு.

இரண்டாவது கதை உனக்குத் தெரிந்ததுதான், மேனகா காந்தி வழக்கு. ஆனால் அதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. நெருக்கடி நிலையை எதிர்த்து, பறிபோன சுதந்திரத்தை மீட்கிறோம் என்று ஜனதா அரசு வந்தது 1977 மார்ச்சில். நெருக்கடி நிலையைக் கொண்டுவந்த இந்திரா காந்தியின் மருமகளுக்கு, ஒரு பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தவருக்கு, அதே ஆண்டு ஜூலையில் கடிதம் போனது: 'பொது நலன் கருதி' உங்கள் பாஸ்போர்ட் முடக்கப்படுகிறது, ஏழு நாளில் ஒப்படையுங்கள். ஏன் என்று அவர் கேட்டு எழுதினார். 'பொதுமக்கள் நலன் கருதி' காரணத்தைச் சொல்ல இயலாது என்று பதில் வந்தது. நாற்காலியில் ஆள் மாறியிருந்தார்கள். ஃபைலில் வாசகம் மாறவில்லை.

1978 ஜனவரி 25-இல் ஏழு நீதிபதிகள் சொன்னது எங்கள் அலுவலகத்துக்கு வேதம். ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கும் நடைமுறை நியாயமாக இருக்க வேண்டும், அவர் தரப்பைக் கேட்காமல் முடிக்கக் கூடாது. சூப்பிரண்டு அதை எங்கள் பாஷைக்குக் கொண்டுவந்தார்: "காரணம் எழுதாத கடிதம் இந்த அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது."

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் பாஸ்போர்ட்டை யாராவது கேட்டார்களா? இல்லை. அது உன் கைப்பையிலேயே இருக்கிறது. பாஸ்போர்ட்டைத் தொட்டால் சட்டம் வந்துவிடும். காரணம் எழுத வேண்டும், கேட்டால் நகல் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஏன் கொடுக்கவில்லை என்று கோர்ட்டில் நிற்க வேண்டும். அதனால் தொடுவதில்லை. லுக் அவுட் சுற்றறிக்கை என்று ஒன்றை விமான நிலையக் கணினியில் ஏற்றிவிடுகிறார்கள். அது நாடாளுமன்றம் செய்த சட்டம் இல்லை, உள்துறையின் அலுவலகக் குறிப்பாணை. தலைமறைவாகும் குற்றவாளி தப்பிவிடாமல் இருக்க ஏற்பட்டது. உனக்கு நோட்டீஸ் வராது. பெட்டியைச் செக்-இன் செய்து, அம்மாவுக்குப் போன் பேசி, கவுன்டரில் நின்று, அந்தப் பையன் திரையைப் பார்த்துவிட்டு உள்ளே எழுந்து போகும்போதுதான் உனக்கே தெரியும்.

2010-இல் வந்த விதிப்படி ஓராண்டு ஆனால் அது தானாகக் காலாவதி ஆகும். 2021 பிப்ரவரியில் அதை மாற்றிவிட்டார்கள். போட்டவர் எடுக்கச் சொல்லும்வரை கிடக்கும். எந்தெந்தக் காரணத்துக்குப் போடலாம் என்ற பட்டியலையும் தேடிப் படித்தேன். குற்றம், நாட்டின் பாதுகாப்பு, பொருளாதாரம் என்று போய், கடைசியில் ஒரு வால்: 'பரந்த பொது நலன் கருதி.' எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பாப்பா. ஏழு நீதிபதிகள் வாசல் வழியாக வெளியே அனுப்பிய வாசகம், சட்டையை மாற்றிக்கொண்டு கொல்லைப்புறமாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

அதிகாரத்துக்கு இது தோதான கருவி. சிறையில் போட்டால் ஜாமீன் மனு வரும், செய்தி வரும். விமானத்தை மட்டும் தவறவிட்டால்? 2015 ஜனவரியில் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் பிரியா பிள்ளையை இப்படித்தான் டெல்லி விமான நிலையத்தில் நிறுத்தினார்கள். மத்தியப் பிரதேசத்தின் மகான் வனப்பகுதி நிலக்கரிச் சுரங்கம் பற்றி லண்டனில் எம்.பி.க்களிடம் பேசப் போனார். மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்து, பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரையையும் நீக்கச் சொன்னது. ஆனால் கூட்டம் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வழக்கில் தோற்றாலும் தடுத்தவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

பத்திரிகையாளர் ரானா அய்யூப் மும்பையில் தடுக்கப்பட்டதும் எழுத்தாளர் ஆகார் படேல் பெங்களூரில் தடுக்கப்பட்டதும் நீ எழுதிய செய்திகள்தான். படேல் விஷயத்தில் ஒரே ஒரு நாள் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 2022 ஏப்ரல் 7. சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள், சி.பி.ஐ. இயக்குநர் எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்கட்டும் என்று டெல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுத்துமூலம்! நான் எத்தனையோ பேரிடம் விளக்கம் எழுதி வாங்கியிருக்கிறேன், அரசு எழுதிக் கொடுத்துப் பார்த்ததில்லை. அன்று இரவே அவரை மறுபடியும் விமான நிலையத்தில் நிறுத்தினார்கள். சில நாட்களில் மேல் நீதிமன்றம் மன்னிப்பை மட்டும் நீக்கிவிட்டு, தடையை எடுக்கச் சொன்னதை நிலைநிறுத்தியது.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது காஷ்மீர்ப் பெண் சன்னா இர்ஷாத் மட்டூதான். கொரோனாக் காலப் படங்களுக்காக ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர்கள் நால்வருக்கு 2022-இல் புலிட்சர் பரிசு கிடைத்ததே, அதில் ஒருவர். ஜூலையில் பாரிஸ் கிளம்பினார், டெல்லியில் நிறுத்தினார்கள். அக்டோபரில் பரிசு வாங்க நியூயார்க் கிளம்பினார். விசா இருந்தது, டிக்கெட் இருந்தது, மறுபடியும் நிறுத்தினார்கள். டிக்கெட்டில் ஒரு முத்திரை குத்தப்பட்டிருந்தது. தமிழில் சொன்னால் 'பாதகமின்றி ரத்து'. பாதகமின்றி! இப்படி ஒரு முத்திரையைச் செய்யச் சொல்லி ரப்பர் ஸ்டாம்ப் கடைக்கு யாரோ எழுதிக் கொடுத்திருப்பாரே, அவர் என்னைப் போன்ற ஒரு கிளார்க்காகத்தான் இருப்பார்.

உனக்கு நண்பர்கள் வக்கீலாக இருக்கிறார்கள். ஸ்ரீநகரில் இருப்பவனுக்கு அதுவும் சுலபமில்லை. அந்த ஊர்ப் பத்திரிகையாளர்களைப் பார். கௌஹர் கிலானி 2019-இல் ஜெர்மனிக்குப் போக முடியவில்லை. ஆகாஷ் ஹசன் 2022-இல் கொழும்புக்கு, இலங்கை நெருக்கடியைப் பற்றி எழுதக் கிளம்பி, பக்கத்திலிருக்கும் அந்தத் தீவுக்குக்கூடப் போக முடியவில்லை. இதை உன் துக்கத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. மனுவில் எழுதும்போது உன்னைத் தனி ஆளாக எழுதாதே என்பதற்காகச் சொல்கிறேன்.

அம்மா கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. என்னத்தைப் பார்த்தேன்?

2012-இல், ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கும்போது, கடற்கரை ஊர்ப் பையன் ஒருவன் என் கவுன்டருக்கு வந்தான். இருபத்து இரண்டு வயது. வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலை, ஏஜென்ட் தேதி கொடுத்திருந்தான். போலீஸ் அறிக்கையில் 'வழக்கு நிலுவை' என்று வந்திருந்தது. கூடங்குளம் அணு உலைப் போராட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் மேல் வழக்குப் போட்டிருந்த காலம், ராஜத்துரோகம் உட்பட. அதில் ஒன்றில் அவனும் இருந்தான். நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் மறுக்க வேண்டும் என்று சட்டத்தின் 6-வது பிரிவு சொல்கிறது. ஆனால் வெறும் எஃப்.ஐ.ஆர். என்றால் அது நீதிமன்ற நிலுவை ஆகாது. அப்படியே நிலுவை என்றாலும், அந்த நீதிமன்றத்தின் அனுமதியோடு வந்தால் கொடுக்கலாம் என்று 1993 ஆகஸ்ட் 25 தேதியிட்ட அரசாணை இருக்கிறது. எனக்கு எண்ணோடு மனப்பாடம். ஜி.எஸ்.ஆர். 570.

நான் அவனிடம் சொல்லவில்லை. வரிசை நீளம். அந்த வழக்குக்காரர்களிடம் அதிகம் பேச்சு வைத்துக்கொள்ளாதீர்கள் என்று மேலிருந்து வாய்வார்த்தையாக வந்திருந்தது. வாய்வார்த்தைதான், ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. "கேஸை முடித்துவிட்டு வா" என்றேன். மூன்று முறை வந்தான். மூன்றாம் முறை அவன் அம்மாவும் வந்தார், காகிதங்களை ஜவுளிக்கடைப் பையில் சுற்றி, மேலே ரப்பர் பேண்ட் போட்டு. அதே பதில். பிறகு வரவில்லை. அடுத்த ஆண்டு மே மாதம், அந்த வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுங்கள் என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. அன்று பேப்பரைப் படித்துவிட்டு அவன் பெயரை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். வரவில்லை. ஃபைல் எண் மட்டும் வந்தது. 2014-இல் அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய சுப. உதயகுமாரனை நேபாளம் போகவிடாமல் டெல்லியில் நிறுத்தினார்கள் என்று படித்தபோது, நான் ஓய்வு பெற்றாயிற்று, எனக்குச் சம்பந்தமில்லை என்று பக்கத்தைத் திருப்பினேன்.

ஞாயிறன்று நான் இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டதற்கு இதுதான் காரணம். அந்தக் கவுன்டரில் எழுந்து உள்ளே போன பையனை எனக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொன்றும் மறைத்துவிட்டேன். போன மாதம் மஃப்டியில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். எந்த அலுவலகம் என்று சொல்லவில்லை. நீ எங்கே தங்கியிருக்கிறாய், கல்யாணம் ஏன் ஆகவில்லை, வெளிநாட்டிலிருந்து யாராவது பணம் அனுப்புகிறார்களா என்று கேட்டார்கள். அம்மா வரன் விசாரிக்க வந்தவர்கள் என்று நினைத்து காபி கொடுத்து, உன் எம்.ஏ. மார்க் வரை சொல்லிவிட்டாள். போகும்போது வாசலில் என் பெயர்ப்பலகையைப் படம் எடுத்துக்கொண்டார்கள். அடையாள அட்டை கேட்டேன், சிரித்தார்கள். தேதி, நேரம், வண்டி எண், கேட்ட கேள்விகள் எல்லாவற்றையும் டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். வக்கீலுக்கு வேண்டுமென்றால் பிரமாண வாக்குமூலமாகவே தருகிறேன்.

அம்மா, "ஊருக்கு வரச் சொல்லுங்கள், பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கட்டும்" என்று காலையில் சொன்னாள். மத்தியானம், "உயர் நீதிமன்றத்தில் மனுப் போட எவ்வளவு ஆகும்?" என்றாள். ரானா அய்யூப்புக்கு ஒரு லட்சம் ரூபாய் வைப்புத்தொகை கட்டச் சொல்லித்தான் அனுமதி கொடுத்தார்கள் என்றேன். தை மாதம் முதிர்கிற ஃபிக்சட் டெபாசிட் ஒன்று அவள் பெயரில் இருக்கிறது. அதை முன்னாலேயே உடைத்தால் வட்டி எவ்வளவு போகும் என்று நாளைக்குப் பேங்கில் கேட்கப் போகிறாள். நீ அனுப்பாதே என்றாலும் கேட்கமாட்டாள். முறுக்குப் பொட்டலமும் இந்தக் கடிதத்தோடு தனிப் பார்சலில் வருகிறது, பயணத்துக்குச் சுட்டது, வீணாகக் கூடாதாம்.

நீ செய்ய வேண்டியது: இன்றைக்கே எழுத்தில் கேள். யார் போட்டது, எந்த வழக்கு, எந்தத் தேதி. பதில் வராது. பதில் வராத அந்தக் கடிதத்தின் அக்னாலெட்ஜ்மென்ட் அட்டைதான் மனுவில் முதல் இணைப்பு. விமானக் கம்பெனி டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததா, பயிற்சிக்கு அழைத்தவர்கள் உன் இடத்தை வைத்திருக்கிறார்களா, எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கு. பிறகு, அந்த போர்டிங் பாஸை எங்கே வைத்திருக்கிறாய்? புத்தகத்துக்குள் செருகியிருப்பாய், எனக்குத் தெரியும். அது சூட்டில் அச்சாகும் தாள். ஆறு மாதத்தில் எழுத்து வெளுத்து, உன் பெயர்கூட இல்லாத வெள்ளைத் தாளாகிவிடும். நாளைக்கே ஜெராக்ஸ் எடு. நான்கு பிரதி, ஒன்று எனக்கு.

அன்புடன்,
அப்பா