ஞாயிறு 4 மணி: ஒற்றை மூலக்கூறு பற்றிக் கதைப்போம்

பிள்ளைகள், இந்த ஞாயிறும் உவர்மலையில் வழமையான இடம்தான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் ஒற்றை மூலக்கூறு ஆய்வு (மூலக்கூறுகளைத் தனித்தனியாகப் பிடித்துப் பார்ப்பது) செய்யும் நம்மூர் அக்கா ஒருவர் லீவில் வந்திருக்கிறார், கதைக்க வருகிறார்.

கைனசின் என்ற புரதம் கலத்துக்குள் சுமை தூக்கிக்கொண்டு நடக்கும். எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் 8 நானோமீற்றர், கலத்தின் சக்தி மூலக்கூறான ஏ.ரீ.பீ. ஒன்று செலவு. சின்ன மணியொன்றில் அதை ஒட்டி, மணியை லேசர் ஒளியால் பிடித்து வைத்து 1993இல் அந்த அடியை அளந்தார்கள். இப்படி ஒளியால் பிடிக்கும் ‘ஒளி இடுக்கி’யை உருவாக்கிய ஆர்தர் ஆஷ்கினுக்கு 2018இல்தான் நொபெல் கிடைத்தது, 96 வயதில்!

ஆய்வுகூடத்தில் பாதி நாள் கண்ணாடித் தகடு கழுவுவதிலேயே போகுமாம். யாராவது கதவை அடித்துச் சாத்தினால் அளவு குழம்பிவிடும். அதையெல்லாம் கேளுங்கள். “சோதனைக்கு வருமா?” என்று மட்டும் தொடங்க வேண்டாம்.

கிண்ணியா, மூதூர்ப் பிள்ளைகளை 5.30க்கே விட்டுவிடுவோம்.