ஆற்று மீனும் கருவாடு ஆகும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு நம் நாளிதழின் சமையல் பக்கத்தில் கருவாடு பற்றிய குறிப்பு படித்தேன். கடல் மீன்தான் கருவாட்டுக்கு ஆகும், ஆற்று மீனைக் காயப்போட்டால் சேற்று வாடை போகாது, சீக்கிரம் புழு வைத்துவிடும் என்று முடித்திருந்தார்கள். நான் கொரடாச்சேரிப் பக்கம் வெண்ணாற்றங்கரையில் பிறந்து, அங்கேயே சத்துணவுக் கூடத்தில் 29 வருஷம் சமைத்து ஓய்வு பெற்றவள். எங்கள் வீட்டுப் பரணில் இன்றைக்கும் ஒரு பானை கெண்டைக் கருவாடு இருக்கிறது. அதுவும் நானே பிடித்த மீன்.

ஜனவரி 28-ல் மேட்டூரை மூடினால் பங்குனிக்குள் ஆற்றில் ஓட்டம் நின்று, அங்கங்கே மடுவாகத் தேங்கும். சித்திரையில் மடு முழங்காலளவு வற்றியதும் பெண்கள் நாங்கள் இறங்கித் தடவுவோம். வலையெல்லாம் ஆம்பளைகள் சமாச்சாரம். எங்களுக்கு இரண்டு கையும், இடுப்புக் கயிற்றில் கட்டி மிதக்கவிட்ட ஒரு குண்டானும் போதும். சேற்றோடு சேற்றாகக் கையைத் துழாவிக்கொண்டே போனால் விரால் வாழைத்தண்டு மாதிரி வழவழவென்று தட்டுப்படும். தலையைப் பார்த்து அமுக்காவிட்டால் போச்சு, முகத்தில் சேற்றை அடித்துவிட்டுப் போய்விடும். கெளுத்தி என்றால் கை தானாகப் பின்வாங்கும். அதன் முள் குத்தினால் ராத்திரி முழுக்கக் கடுக்கும். 2022-ல் மே 24-ஆம் தேதியே மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். குறுவைக்கு நல்லதுதான், ஆனால் அந்த வருஷம் எங்கள் தடவல் பாதியில் நின்றது.

சரி, சேற்று வாடைக்கு வருகிறேன். அது இல்லவே இல்லை என்று சாதிக்கமாட்டேன். நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் பேத்தி அதற்கு ஜியோஸ்மின் என்று பேர் சொல்கிறாள். தண்ணீரில் இருக்கும் நீலப்பச்சைப் பாசி உண்டாக்குவதாம், புளிப்பு பட்டால் உடைந்துபோகுமாம். இந்தப் பேரெல்லாம் தெரியாமலே என் அம்மா மீனைச் சாம்பலும் கல்லுப்பும் போட்டு உரசி, கடைசித் தண்ணீரில் புளி கரைத்து அலசுவாள். விரால், குறவையாக இருந்தால் உயிரோடு ஒரு நாள் தொட்டியில் நல்ல தண்ணீரில் விட்டு வைப்பாள். சிலேபியின் வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கருப்புச் சவ்வைச் சுரண்டி எடுக்காமல் அடுப்படிக்குள் விடமாட்டாள்.

புழு வைப்பது மீனின் குற்றம் இல்லை, உப்பின் குற்றம். குறிப்பு எழுதியவர் தூளுப்பைத் தூவியிருப்பார் என்பது என் சந்தேகம். தூளுப்பு மேல்சதையைச் சட்டென்று இறுக்கிவிடும். உப்பு உள்ளே இறங்காது, நடுமுள்ளின் ஓரம் ஈரம் தங்கிவிடும். புழு பிடிப்பது அங்கேதான். நாங்கள் போடுவது வேதாரண்யம் கல்லுப்பு, ஆய்ந்த மீன் நாலு படி என்றால் உப்பு ஒரு படி. பெரிய கெண்டையை முதுகுப்பக்கம் கீறி, புத்தகம் மாதிரி விரித்து, செவுளையும் ரத்தத்தையும் சுத்தமாக எடுத்துவிட்டு, பானையில் உப்பு ஒரு வரிசை, மீன் ஒரு வரிசையாக அடுக்குவோம். மேலே தட்டைக் கவிழ்த்து அம்மிக் குழவியை ஏற்றி வைத்தால் இரண்டு ராத்திரியில் மீன் தண்ணீர் விட்டிருக்கும். அந்தத் தண்ணீரிலேயே அலசி எடுக்கணும், பச்சைத் தண்ணீர் ஊற்றக்கூடாது.

காயவைப்பது கயிற்றுக் கட்டிலில். தரையில் போட்டால் அடிப்பக்கம் வேர்க்கும். ஈ அண்டாமல் மேலே பழைய கொசுவலையைப் போர்த்துவோம். காக்கைக்குக் காவல் என்று உட்காரவைத்த என் வீட்டுக்காரர் தூங்கிப்போய், ஒரு தடவை பூனை மூன்று கெண்டையைக் கொண்டுபோனது வேறு கதை. நாலு நாள் கத்திரி வெயில் வேண்டும், சாயந்திரம் உள்ளே எடுத்து வைத்துவிடணும். விரலால் அமுக்கினால் குழி விழக்கூடாது. அப்புறம் மாசத்துக்கு ஒரு வெயில் காட்டினால் தீபாவளி தாண்டியும் இருக்கும்.

கெண்டையில் முள் அதிகம் என்று பயப்படுபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சின்னக் கெண்டைக் கருவாட்டை நல்லெண்ணெயில் நிதானமாக முறுக விட்டால் முள்ளும் சேர்ந்து நொறுங்கும். பழையசோற்றுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

சேற்று வாடையைப் பற்றி எழுதியவர்கள் மருந்தைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம். மடு வற்றும் நேரம் பார்த்து, சிலர் ராத்திரியோடு ராத்திரியாக வயல் பூச்சிமருந்தை ஊற்றி மிதக்கும் மீனை அள்ளிக்கொண்டு போகிறார்கள். காலையில் போய்ப் பார்த்தால் தவளை, நண்டு, மீன்குஞ்சு எல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடக்கும். அந்த மீனை எத்தனை தண்ணீரில் அலசினாலும், உப்பில் போட்டாலும், வெயிலில் வைத்தாலும் விஷம் போகாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் மடுவில் இப்படி நடந்தது. என் வாத்து நாலு செத்தது. சொல்லப் போன இடத்தில், “மடுவை நீங்களா குத்தகை எடுத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். சமையல் பக்கத்தில் இடம் இல்லையென்றால் வேறு பக்கத்திலாவது இதைப் போடுங்கள்.

குறிப்பு எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்று தெரியவில்லை. மழைக்கு முன்னால் இந்தப் பக்கம் வந்தால் ஒரு சட்டி குழம்பு வைத்துக் கொடுக்கிறேன். கருவாடு என்னிடம் இருக்கிறது, நாட்டுக் கத்திரிக்காய் மட்டும் அவர் வாங்கி வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு சமையலர்,
கொரடாச்சேரி அருகில், திருவாரூர் மாவட்டம்.