ஆயாவுக்கு வாசித்துக் காட்டிய வருஷம்

தண்டையார்பேட்டை
29.12.2024, ஞாயிறு

அன்புள்ள ஒல்லி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நேரமே கிடைக்கவில்லை என்று எழுதினால் அது பொய். "எப்படி இருக்க, இந்த வருஷம் என்ன எழுதின?" என்று இரண்டையும் ஒரே வரியில் கேட்டிருந்தாய். எனக்கு இந்த வருஷம் அது இரண்டும் ஒரே கேள்விதான். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் மற்றது வந்துவிடும், அதற்குத் தெம்பு வரட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். இன்று லீவு. அம்மா விடியற்காலையிலேயே காசிமேடு போய் வந்து, வாசலில் உட்கார்ந்து கடம்பா (கணவாய்) ஆய்ந்துகொண்டிருக்கிறாள். பக்கத்திலேயே சுவரில் சாய்ந்துகொண்டு எழுதுகிறேன்.

என் பாட்டி, நம் ஆயா, செத்துப்போனதை ஆகஸ்டில் உனக்குப் போனில் சொன்னேன். ஷிப்டுக்குப் போகும் அவசரத்தில் நீ பஸ்ஸில் நின்றுகொண்டே அழுதாய். அதற்கு முன்னாடியும் பின்னாடியும் நடந்ததை நான் சொல்லவே இல்லை.

முன்னாடி நடந்ததிலிருந்து சொல்கிறேன். போன பொங்கல் சமயத்தில் ஒரு பத்திரிகைக்குக் கதை அனுப்பியிருந்தேன் இல்லையா, பள்ளிக்கூடத்துத் தண்ணீர்க் குழாய் கதை? அங்கிருந்து ஒருவர் கூப்பிட்டார். நடை நன்றாக இருக்கிறது, ஆனால் வடசென்னைக் கதை என்கிறீர்கள், அந்த வாசனையே இல்லையே, ஒரு சம்பவம் வையுங்கள் என்றார். சம்பவம் என்றால் நம் பக்கம் வெட்டுக்குத்து என்று உனக்குத் தெரியும். நானும் வைத்தேன். குழாயடியில் பேசிக்கொண்டிருந்த இரண்டு பையன்களில் ஒருவன் இடுப்பில் கத்தியைச் செருகிவைத்தேன், கடைசியில் அவனைச் சாகவும் வைத்தேன். மார்ச் மாசம் கதை வந்துவிட்டது. ஆபீஸில் எல்லாரும் கை கொடுத்தார்கள். நீகூட "செமடி" என்று மெசேஜ் போட்டாய். அன்று ராத்திரி முழுக்கச் சந்தோஷத்தில் எனக்குத் தூக்கமில்லை.

மறுநாள் ஆயாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் கேட்கத் தெரியும். பாயில் ஒருக்களித்துப் படுத்து, வெற்றிலையை ஒரு பக்கக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு முழுக் கதையையும் கேட்டது. முடிந்ததும் எழுந்து உட்கார்ந்தது.

"யாரு கண்ணு அந்தப் பையன்?"

"கதைதான் ஆயா. யாரும் இல்ல."

"நம்ம தெருவுல எவன் கத்தி வெச்சிக்கினு சுத்துனான்? எனக்குத் தெரிஞ்சி இருவது வருசமா அருவாமனையில ஒக்காந்து வஞ்சரம் துண்டு போட்டுகினு கீறாளே, கட்டவெரல்ல பாதி இல்லாதவ, அவளாண்டதான் கத்தி கீது. அவள ஏன் நீ எழுதல?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உனக்கு ஒண்ணும் புரியாது ஆயா என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். அந்த வார்த்தையை இன்றுவரை திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை, ஒல்லி.

நம் பக்கம் வெட்டுக்குத்தே கிடையாது என்று நான் சொல்லவில்லை. நம்மோடு எட்டாவது வரை படித்தவன் வீட்டில் என்ன நடந்தது என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். அவன் அம்மா அதற்கப்புறம் தெருவிளக்கு எரியும் பக்கமாகவே நடக்கமாட்டாள். அந்தக் கத்தியைப் பற்றி எழுத எனக்குக் கை வராது. நான் கதையில் வைத்த கத்தி சினிமாவில் பார்த்தது. ஆயாவுக்கு அது கேட்டவுடனே தெரிந்துவிட்டது.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. லாஞ்சுகள் (விசைப்படகுகள்) எல்லாம் கரையில் நிற்க, பைபர் படகில் வருகிற கொஞ்சநஞ்ச மீனுக்கு அடிதடி. வஞ்சிரம் பக்கம் போகவே முடியாத விலை. அம்மாவுக்கு வியாபாரம் பாதியாகிவிட்டதால் சாயங்காலங்களில் மூன்று பேரும் வீட்டில் இருந்தோம். அப்போதுதான் ஆயாவிடம் போய் உட்கார்ந்தேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "கூறு எப்படிக் கட்டுவ, சொல்லு" என்று கேட்டேன்.

ஆயா அன்னக்கூடையை எடுத்துவரச் சொல்லி, அம்மா விற்காமல் வைத்திருந்த கவலை மீனில் காட்டியது. எடை போட்டு விற்பது வேறு, கூறு போட்டு விற்பது வேறாம். முதலில் பெரிய மீன் ஒன்றை நடுவில் வைத்து, அதைச் சுற்றி நடுத்தரம். பொடிசைக் கீழே மறைத்துவிடக் கூடாது, பக்கத்தில் தெரிகிற மாதிரிதான் வைக்கவேண்டும். கையில் எடுத்துப் பார்க்கும் பொம்பளைக்கு அடியில் இருப்பது தெரிந்தால் அடுத்த நாள் வேறு கூடைக்குப் போய்விடுவாள். ஒரு கூறுக்கும் இன்னொரு கூறுக்கும் வித்தியாசம் தெரியக் கூடாது. கடைசியாக, வாங்குகிறவள் கிளம்பும் நேரத்தில் ஒரு மீனை எடுத்து அவள் பையில் போடவேண்டும். கொசுறு. "அத மொதல்லியே வெச்சிட்டா அது கூறு. கெளம்பசொல்லோ போட்டாதான் கொசுறு." இதைச் சொல்லும்போது ஆயாவின் விரல் நடுங்கிக்கொண்டே இருந்தது. ஆனால் மீன் வைத்த இடம் தப்பவில்லை.

அந்த இரண்டு மாசமும் தினம் கேட்டு எழுதினேன். எந்தக் கடனை ஆயா திருப்பிக் கேட்கவே இல்லை, ஐஸ் விலை ஏறினால் யார் தலையில் விழும், ஏலத்தில் பெண்கள் எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்று ஒரு நோட்டே நிறைந்துவிட்டது. கதை மட்டும் ஒரு வரிகூட வரவில்லை.

நடுவில் எண்ணூர் பற்றி ஒரு கட்டுரை முயற்சி செய்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்ததே, படகில் போய் மீனவர்கள் பக்கெட்டிலும் மக்கிலும் அதை அள்ளினார்களே, அது. பார்த்ததைவிடக் கோஷம் அதிகமாகிவிட்டது. எடுத்து வைத்துவிட்டேன். அதற்கு இன்னும் நாள் வேண்டும்.

ஆகஸ்ட் இரண்டாவது வாரம் ஆயாவுக்கு மூச்சுத் திணறல். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நான்கு நாள். ஐந்தாம் நாள் ஆயா போய்விட்டது, வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

அன்று ராத்திரி, சாவு வீட்டில் பாடுகிற கானா வைக்கவேண்டும் என்று மாமா சொன்னார். எனக்கு விருப்பமே இல்லை. மைக் செட்டும் சத்தமும் எதற்கு என்று சண்டை போட்டேன். புளியந்தோப்பிலிருந்து ஒரு பையன் வந்தான், இருபத்திரண்டு வயசு இருக்கும். வந்தவன் நேராக மைக்கிடம் போகவில்லை. பந்தலுக்குள் அம்மாவிடம் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். "ஆயா பேரு இன்னா? எங்க பொறந்துச்சி? இன்னா வித்துச்சி? பசங்க எத்தினி? யாரு மேல ரொம்பப் பாசம்? இன்னா சொல்லித் திட்டும்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். அம்மா முதலில் தலையாட்டிக்கொண்டு மட்டும் இருந்தாள். திட்டுவதைப் பற்றிக் கேட்டதும் சிரித்துவிட்டாள், அதற்கப்புறம் பேசினாள். சுனாமியில் கூடை போனதைச் சொன்னாள். கொசுறு பற்றிச் சொன்னாள். அவன் போனில் நான்கைந்து வார்த்தை தட்டிக்கொண்டு, வெளியே போய் ஒரு டீ குடித்தான். அரை மணி நேரம்கூட இருக்காது.

டோலக்கு ஆரம்பித்தது. முதலில் எல்லாச் சாவுக்கும் பாடுகிற பாட்டுதான். ஒரு மணிக்கு மேல் ஆயாவுக்குள் வந்தான். கடல் கூடையைக் கொண்டுபோன கதை, மறுவாரமே கடன் வாங்கிப் புதுக் கூடை எடுத்த கதை. கூறுக்குக் காசு வாங்கி, கொசுறை மனசிலிருந்து எடுத்துப் போட்டவள் என்று ஒரு இடம் வந்தது. அதுவரை கல்லு மாதிரி உட்கார்ந்திருந்த அம்மா அந்த இடத்தில்தான் உடைந்து அழுதாள். தெருவே அழுதது. அப்புறம் "எழுதற பேத்தி" என்று என்னையும் கொண்டுவந்து வைத்தான். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

அந்தப் பையன் கேட்ட கேள்விகளில் ஒன்றைக்கூட நான் அந்தக் கத்தி வைத்த பையனைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை, ஒல்லி. அவன் அம்மா என்ன விற்றாள், என்ன சொல்லித் திட்டுவாள் என்று எனக்கே தெரியாது. தெரியாமல் அவனைக் கொன்றும்விட்டேன். இதை யோசித்துக்கொண்டே விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

மூலக்கொத்தளத்தில் அடக்கம். திரும்பும்போது தாளமுத்து, நடராசன் நினைவிடத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இரண்டு பேரும் மொழிப்போரில் சிறைக்குப் போய் 1939-ல் உயிர்விட்டவர்கள். இத்தனை வருஷம் அந்த வழியாகப் போயிருக்கிறேன், நின்றது இல்லை. அன்று நின்றேன். ஆயா பேசிய தமிழும் அந்தத் தமிழ்தானே என்று தோன்றியது. "கீது", "வந்துகினு", "சொல்லசொல்லோ" எல்லாவற்றையும் கதை அனுப்பும் முன் நானே திருத்தி அனுப்புவேன். இனி திருத்தமாட்டேன்.

செப்டம்பர் முழுக்க ஒன்றும் எழுதவில்லை. அக்டோபரில் ஒருநாள் மெட்ரோவில் முதல் பாரா வந்தது. தண்டையார்பேட்டையில் ஏறினால் மண்ணடி மூன்றாவது ஸ்டேஷன், அதற்குள் எத்தனை வரி வருமோ அத்தனை வரி போனில். சாயங்காலம் திரும்பும்போது மூன்று ஸ்டேஷன். தம்புச் செட்டித் தெரு ஆபீஸில் நாள் முழுக்க சுங்கத்துக்கான பில் ஆஃப் என்ட்ரி தட்டிவிட்டு வருகிறவளுக்கு அந்த ஆறு ஸ்டேஷன்தான் எழுத்து நேரம். டிசம்பர் முதல் வாரம் முடித்தேன். பேர் "கூறு". அருவாமனை அக்காதான் கதை. எழுதுவதற்கு முன் நான்கு தடவை அவளிடம் போய் உட்கார்ந்தேன். முடித்ததும் அவளுக்கே வாசித்துக் காட்டினேன். விரல் போன நாளை நான் தப்பாக எழுதியிருந்தேன், திருத்தினாள். வேறெதுவும் சொல்லவில்லை. கிளம்பும்போது கைப்பிடி நெத்திலி எடுத்துப் பையில் போட்டாள்.

ஆக, வருஷக் கணக்கு: ஒரு கதை வந்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு கதை முடிந்தது, அது இன்னும் எங்கும் போகவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நவம்பரில் நம் புது வண்ணாரப்பேட்டை காசிமா அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினாள். ஆட்டோ ஓட்டுகிறவர் மகள். அவள் இருக்கும் செரியன் நகரை டிவியில் காட்டினார்கள். டீக்கடையில் பேச்சு முழுக்க அதுதான். நம் பக்கத்துப் பேர் பேப்பரில் இப்படி ஒரு காரணத்துக்காக வந்ததைப் பார்த்தபோது அழுகையே வந்துவிட்டது. கேரம் போர்டும் பவுடரும் இல்லாத தெரு நம் பக்கம் உண்டா? அதை நம் ஆட்களில் எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்? மாசம் ஒருமுறை கூடுகிற எங்கள் நான்கு பேரில் வியாசர்பாடித் தம்பி இப்போது அதைத்தான் எழுத ஆரம்பித்திருக்கிறான். கொளத்தூரில் புதிதாகத் திறந்திருக்கும் முதல்வர் படைப்பகம் என்கிற அரசுப் படிப்பு மையத்தில் போய் உட்கார்ந்து எழுதுகிறான். வீட்டில் ஒரே அறையில் ஆறு பேர் இருக்கிறவனுக்கு ஒரு மேசையும் நாற்காலியும் எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை.

இப்போது உன் விஷயம். நாற்பது கவிதையைப் புத்தகமாகப் போட 35,000 ரூபாய் கேட்கிறார்கள், சீட்டு எடுத்துக் கட்டிவிடலாமா என்று கேட்டாய். கட்டாதே. கோபமாகவே சொல்கிறேன், கட்டாதே. நைட் ஷிப்டில் நின்று நின்று கால் வீங்கிச் சேர்த்த காசு அது. ஐம்பது, நூறு பிரதி என்று தேவைக்குத் தகுந்த மாதிரி அச்சடிக்க இப்போது வழி இருக்கிறது. அதற்கும் அவசரம் இல்லை. முதலில் பத்திரிகைகளுக்கு ஒவ்வொன்றாக அனுப்பு. திரும்பி வந்தால் மறுபடி அனுப்பு. "இந்த வருஷம் பதினொன்றுதான் எழுதினேன்" என்று ஏதோ தப்புச் செய்தவள் மாதிரி எழுதியிருக்கிறாய். அந்தப் பதினொன்றில் ஹாஸ்டல் கட்டில் கவிதை ஒன்று இருக்கிறது, மூன்று ஷிப்டுக்கு மூன்று பேர் மாறி மாறிப் படுக்கும் கட்டில், ஆறாத சூடு. அதை வாசித்ததிலிருந்து ராத்திரி என் பாயில் படுக்கும்போதெல்லாம் உன் ஞாபகம்தான். அந்தக் கட்டிலில் உனக்கு அடுத்துப் படுக்கிறவளுக்கு அதை வாசித்துக் காட்டினாயா? காட்டு. என்ன சொன்னாள் என்று எழுது.

26-ஆம் தேதி சுனாமி வந்து இருபது வருஷம். நமக்கு அப்போது ஏழு வயசு. வருஷா வருஷம் ஆயாதான் காசிமேட்டில் கடலில் பால் ஊற்றும். இந்தத் தடவை அம்மா ஊற்றினாள். நான் பூவைப் போட்டேன். அலை உடனே திருப்பிக் கொண்டுவந்துவிட்டது, மறுபடி எடுத்துப் போட்டேன்.

புத்தகக் காட்சி இந்தத் தடவை 27-ஆம் தேதியே நந்தனத்தில் தொடங்கிவிட்டது, ஜனவரி 12 வரை இருக்கிறது. நான் இன்னும் போகவில்லை, நீ வந்தால் சேர்ந்து போகலாம் என்று வைத்திருக்கிறேன். 4-ஆம் தேதி சனிக்கிழமை உனக்கு வீக் ஆஃப்தானே? வெள்ளி ராத்திரியே பஸ் ஏறிவிடு. காலையில் வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம், தண்டையார்பேட்டையிலிருந்து நந்தனத்துக்கு ஒரே மெட்ரோ. "கூறு" பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். ரயிலில் உனக்கு வாசிக்கிறேன். பதினோரு கவிதையையும் எடுத்து வா.

அம்மா கடம்பாவைத் தொக்கு வைக்கட்டுமா, வறுக்கட்டுமா என்று உன்னைக் கேட்கச் சொல்கிறாள், சனிக்கிழமைக்கு.

அன்புடன்,
உன் தண்டையார்பேட்டைக்காரி