பெட்டியை அன்றே திறக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கையால் கிட்டார் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நானும் அதே தொழில்காரன். மரம் தேர்வதையும் பலகையைத் தட்டிக் கேட்பதையும் நிறைவாக எழுதியிருந்தீர்கள். அனுப்புவதை மட்டும் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். பல மாத உழைப்பு பிழைப்பதும் போவதும் அங்கேதான்.

நான் அனுப்பிய கிட்டார் ஒன்று தலை முறிந்து போய்ச் சேர்ந்தது. வாடிக்கையாளர் அனுப்பிய படங்களில் அட்டைப்பெட்டி நசுங்கவில்லை, உள்ளே இருந்த கேஸிலும் கீறல் இல்லை. நெக்கின் (கழுத்தின்) முனையில் கம்பிகளைத் தாங்கும் ‘நட்டு’ என்ற சிறு பட்டைக்குச் சற்றுப் பின்னால், நெக் மெலிந்திருக்கும் இடத்தில், மரம் இழையோடு பிளந்திருந்தது. பெட்டி எங்கோ மல்லாக்க விழுந்திருக்க வேண்டும். உடம்பைக் கேஸ் இறுகப் பிடித்துக்கொண்டது. ஆறு ட்யூனிங் கீகளின் கனத்தோடு அந்தரத்தில் நின்ற தலையைத் தாங்க ஒன்றுமில்லை. அன்று முதல் தலைக்கு மேலும் கீழும் இருபுறமும் காகிதம் திணித்து, ஆட்டிப் பார்த்து, அசையவில்லை என்று தெரிந்த பிறகே மூடுகிறேன். சுருதி கூட்டிய இரும்புக் கம்பிகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ இழுக்கும் என்பதால் அவற்றையும் தளர்த்திவிடுகிறேன்.

இதெல்லாம் என் கையில் இருக்கிறது. என் கையில் இல்லாதது, பெட்டி வந்த அன்றே அதைத் திறப்பது. மாதக்கணக்கில் காத்திருந்தவருக்கு ஆசை இருக்காதா? ஆனால் குளிர்காலத்தில் விமானத்திலும் கிடங்கிலும் லாரியிலும் கிடந்து சில்லிட்டுப்போன கிட்டாரைச் சூடான அறையில் சட்டென்று திறந்தால், மரமும் அதன் மேல் பூசிய லாக்கர் மெருகும் ஒரே அளவில் விரிவதில்லை. கண்ணெதிரிலேயே தலைமுடி போன்ற கோடுகள் ஓடும். கூட்டி ஒட்ட முடியாத விரிசல் அது. மூடியபடியே 24 மணி நேரம் வீட்டுக்குள் வைத்திருந்தால் போதும்.

திறந்த பிறகும் கவனம் வேண்டும். 45 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் செய்த கிட்டார், ஹீட்டர் ஓடும் வறண்ட வீட்டில் இழைக்குக் குறுக்கே சுருங்கும். நெக்கின் ஓரமாகக் கையை ஓட்டும்போது ஃபிரெட்களின் (குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளின்) முனைகள் உறுத்தினால், அதுதான் முதல் அறிகுறி. அப்போதே ஈரப்பதத்தைச் சரிசெய்யாவிட்டால் 3 மில்லிமீட்டர்கூட இல்லாத முகப்பலகை வெடித்துவிடும்.

ஆவணங்களைப் பற்றியும் ஒரு சொல். 2017 ஜனவரியில் ஈட்டி (ரோஸ்வுட்) இன மரங்கள் அனைத்தும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்துக்குள் வந்தபோது, அம்மரத்தில் செய்து வெளிநாட்டுக்கு விற்றனுப்பும் கிட்டார் ஒவ்வொன்றுக்கும் அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. 1992 முதல் கடுமையான பட்டியலில் இருக்கும் பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை. அதனால் பில்லில் வெறுமனே ‘ரோஸ்வுட்’ என்று எழுதாமல், எந்த வகை என்று தாவரப் பெயரையே எழுதுகிறேன்.

கையால் செய்த கிட்டாரை வாங்கக் காத்திருப்பவர்கள் உங்கள் வாசகர்களிலும் இருப்பார்கள். அந்த ஒரு நாள் பொறுமையை அவர்களிடம் நீங்களும் கேளுங்கள். நான் அதைப் பெட்டியின் மூடி மேலேயே, பெறுகிறவரின் மொழியில் எழுதி ஒட்டித்தான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
கிட்டார் செய்யும் வாசகர்