பாருவுக்கு, அம்மா வீடு திரும்பியாச்சு

பாரு,

தீபாவளிக்கு நீ அனுப்பிய முறுக்குப் படத்துக்குக்கூட பதில் போடவில்லை என்று கோபமாக இருப்பாய். இரு, திட்டாதே, இதைப் படித்துவிட்டுத் திட்டு. அம்மா பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார், அதில் நான்கு நாள் ஐசியுவில். இப்போது வீட்டில்தான் இருக்கிறார். நேற்று என் ரசத்தைக் குடித்துவிட்டு "புளியைத் தண்ணிக்குத் தூரத்தில் காட்டினாயா?" என்று கேட்டார், அதனால் பயப்பட ஒன்றுமில்லை.

ஆரம்பித்தது வெறும் நீர்க்கடுப்பில். வழக்கம்போல மோர், வெந்தயம். மூன்றாம் நாள் குளிர் நடுக்கம் வந்ததும் பக்கத்து புளோக் கிளினிக்குக் கூட்டிப் போனேன். வயசாச்சு, ஓய்வு எடுக்கட்டும் என்று பனடோல் கொடுத்து அனுப்பினார்கள். அன்று இரவு அம்மா என்னைப் பார்த்து "செல்லம்மாக்கா, எப்ப வந்தே?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, பாரு. அந்தச் சிரிப்பைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை. செல்லம்மா பெரியம்மா போய் இருபது வருஷம் ஆகிறது. அப்புறம்தான் யோசித்தேன், மத்தியானத்திலிருந்து அம்மா பாத்ரூம் பக்கமே போகவில்லை. ஆம்புலன்ஸுக்கு 995ஐக் கூப்பிட்டேன்.

அவசரப் பிரிவில் ஒரு மலையாளி நர்ஸ். அம்மாவின் மார்பையும் தன் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்து மூச்சை எண்ணினார். பிபி 84, மூச்சு 26, பேச்சில் குழப்பம். அவ்வளவுதான், அடுத்த நிமிடம் ஆட்கள் ஓடி வந்தார்கள். கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கு ரத்தம், டிரிப், ஆன்டிபயாடிக் எல்லாம் நான் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள். ஒரு சின்னப் பையன் டாக்டர் வந்து, ரத்தம் ஓடுகிறதா என்று பார்க்க, அம்மாவின் விரல் நுனியை அழுத்திப் பிடித்து, விட்டு, வாய்க்குள்ளேயே எண்ணினார். வெளுத்த நுனி சிவக்க மாட்டேன் என்று நின்றது. அரை மணிக்கு ஒரு தரம் வந்து அதையே செய்தார். விடியற்காலை அழுத்திவிட்டதும் சட்டென்று சிவந்தது, அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. செப்சிஸ் என்ற வார்த்தையை அப்போதுதான் என்னிடம் சொன்னார்கள், கிருமித் தொற்றோடு போராடப் போய் உடம்பு தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்வதாம்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? என் மேசையில் அந்த வாரம் கிடந்த வேலையே அதுதான். நூலகத்தில் உட்கார்ந்து பேராசிரியர்களின் ஆய்வுத் தாக்கத்தை எண்ணிக் கொடுக்கிறேனே, நீகூட 'கழுதைக்குப் பல் எண்ணுகிற உத்தியோகம்' என்பாயே, அது. இந்த முறை வந்தது தீவிர சிகிச்சை, செப்சிஸ் ஆய்வாளர் ஒருவரின் பட்டியல். எத்தனை கட்டுரை, எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள், ஹெச்-இன்டெக்ஸ் எவ்வளவு. 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியல்காரர் கொண்டுவந்த கணக்கு அது. குறைந்தது 40 மேற்கோள் வாங்கிய கட்டுரைகள் 40 இருந்தால் உன் மதிப்பு 40. எத்தனையோ பேருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், ஒரு கட்டுரையையும் திறந்து படித்ததில்லை.

ஐசியு வாசலில் உட்கார்ந்து படித்தேன். 2001இல் டெட்ராய்ட்டில் இமானுவேல் ரிவர்ஸ் என்பவர் 263 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு. அவசரப் பிரிவுக்கு வந்த முதல் ஆறு மணி நேரத்தில், ஒரு சிகிச்சை முறை வகுத்துக்கொண்டு தீவிரமாகக் கவனித்தால் இறப்பு 46.5 சதவீதத்திலிருந்து 30.5க்கு இறங்குகிறது என்றார். உலகமே பின்னால் போனது. பிறகு 2014, 2015இல் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று மூன்று பெரிய ஆய்வுகள் நடத்திப் பார்த்தால், அந்த முறையால் வழக்கமான சிகிச்சையைவிடக் கூடுதல் பலன் இல்லை! மனிதர் தோற்றுவிட்டாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பதிமூன்று வருஷத்தில் 'வழக்கமான சிகிச்சை' என்பதே மாறிப்போயிருந்தது, செப்சிஸ் என்றால் உடனே ஓட வேண்டும் என்பதுதான் வழக்கமாகியிருந்தது. அம்மாவிடம் ஓடி வந்தார்களே, அந்த ஓட்டத்தில் ரிவர்ஸுக்கும் பங்கு உண்டு. என் பட்டியலுக்கோ, அவரை ஆதரித்தவனும் ஒரு மேற்கோள், மறுத்தவனும் ஒரு மேற்கோள்.

நம்மூர் ஆய்வும் ஒன்று இருக்கிறது, சிங்கப்பூரின் ஜேசன் புவாவும் மற்றவர்களும் 2011இல் வெளியிட்டது. 16 ஆசிய நாடுகள், 150 ஐசியுக்கள், கடுமையான செப்சிஸ் வந்த 1,285 பேர். அவர்களில் 44.5 சதவீதம் பேர் ஆஸ்பத்திரியிலேயே இறந்திருக்கிறார்கள். முதல் ஆறு மணி நேரத்தில் செய்ய வேண்டியதெல்லாம் முழுதாகச் செய்யப்பட்டது 7.6 சதவீதம் பேருக்குத்தான். செப்சிஸுக்கு என்ன செய்ய வேண்டும் என்ற உலக வழிகாட்டி 2004இலேயே வந்துவிட்டது. அதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை.

அந்த விரல் நுனிக்கும் ஓர் ஆய்வு இருக்கிறது, பாரு! 2019, தென் அமெரிக்காவில் ஐந்து நாடுகள், 424 பேர். பாதிப் பேருக்கு ரத்தத்தில் லாக்டேட் (உடம்புக்கு ஆக்சிஜன் போதாதபோது ஏறுகிற பொருள்) அளவைப் பார்த்துச் சிகிச்சை, மீதிப் பேருக்கு விரலை அழுத்திப் பார்த்து. விரல் பார்த்த பக்கம் 28 நாளில் இறந்தவர்கள் 34.9 சதவீதம், மற்றப் பக்கம் 43.4. புள்ளிவிவரக் கறார்க்காரர்கள் இது போதாது என்கிறார்கள், இருக்கட்டும். ஊசி வேண்டாம், மெஷின் வேண்டாம், ஒரு விரலும் எண்ணத் தெரிந்த ஆளும் போதும். மேலதிகாரியிடம் போய், ஓர் ஆய்வு வார்டில் கைப்பழக்கமாகிவிட்டதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று கேட்டேன். "குணா, அதற்குக் கட்டம் இல்லை, வெள்ளிக்கிழமைக்குள் முடித்துக் கொடு" என்றார். முடித்துக் கொடுத்துவிட்டேன், வேறென்ன செய்ய.

சரி, இவ்வளவும் எழுதியதற்குக் காரணம் உன் வீட்டுக்காரர். மணி அண்ணன் காலில் புண் ஆறவில்லை என்று போன மாதம் போகிறபோக்கில் எழுதியிருந்தாய். சர்க்கரைக்காரர், அவர் "ஒண்ணுமில்லை" என்று சொல்வதை நம்பாதே, அந்த மனிதர் பல்லுடைந்த அன்றும் அதையேதான் சொன்னார். நடுக்கம், மூச்சு வாங்குவது, சிறுநீர் குறைவது, பேச்சு குழறுவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதே. ஆஸ்பத்திரியில் நீயே வாய் திறந்து "இது செப்சிஸா இருக்குமா?" என்று கேள். கேட்டால் முறைப்பார்கள், முறைக்கட்டும். இந்த வாரமே ஈப்போவில் ஒரு நல்ல டாக்டரிடம் அந்தக் காலைக் காட்டிவிட்டு எனக்கு எழுது.

அம்மா உள்ளேயிருந்து கூப்பிடுகிறார். செல்லம்மாக்கா இல்லை, என் பெயரைச் சொல்லித்தான். மாத்திரை நேரம்.

குணா

அடுத்த தடவை படம் வேண்டாம், முறுக்கை அனுப்பு.