குடகுக்குக் கொடுத்ததைக் கேட்டு மனு எழுதாதீர்கள்

கூடலூர், பந்தலூர், குந்தா, கோத்தகிரி பகுதிச் சிறு விவசாயச் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

"குடகுக்காரனுக்கு லைசென்ஸே இல்லாமல் துப்பாக்கி, பக்கத்து மலையில் இருக்கிற நமக்குப் பன்றி விரட்டத் தகர டப்பாவா?" கர்நாடக உயர் நீதிமன்றம் 2021 செப்டம்பரில் குடகுத் துப்பாக்கி வழக்கில் தீர்ப்புச் சொன்ன நாளிலிருந்து மலையில் இந்தப் பேச்சு ஓயவில்லை. பயிர்ச்சேதம் பற்றிக் கூட்டம் போட்டால் யாராவது எடுத்துவிடுகிறார்கள். அதே சலுகையை நீலகிரிக்கும் கேட்டுத் தீர்மானம் போடலாம் என்ற யோசனையும் உங்களிடையே இருக்கிறது. போடாதீர்கள் என்று சொல்லவே இந்த மடல்.

அந்தத் தீர்ப்பு புதிதாக யாருக்கும் உரிமை எதையும் கொடுக்கவில்லை. ஆயுதச் சட்டம் 1959இன் 41ஆம் பிரிவு, யாருக்கு வேண்டுமானாலும் விலக்கு அளிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. அந்த அதிகாரத்தைக் கொண்டுதான் குடகின் கொடவச் சமூகத்தினருக்கும், ஜம்மா என்ற பரம்பரை உரிமை நிலம் அங்கே வைத்திருப்பவர்களுக்கும் வெள்ளைக்காரன் காலத்து விலக்கைத் தொடர்ந்து நீட்டி வருகிறார்கள். 2019இல் வந்த அறிவிக்கை 2029 அக்டோபர் வரை செல்லும். பிறப்பையும் நில வகையையும் பார்த்துச் சலுகை தருவது சமத்துவத்துக்கு விரோதம் என்று ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் வழக்குப் போட்டார். வழிவழியாக ஆயுதம் ஏந்தி வந்த சமூகம், விலக்கும் காலவரம்புக்கு உட்பட்டது, ஆகவே செல்லும் என்றது நீதிமன்றம். பன்றியும் இல்லை, பயிரும் இல்லை அந்தக் காரணத்தில். "எங்களுக்கும் காட்டு விலங்குத் தொல்லை" என்று அதை மேற்கோள் காட்டினால், சம்பந்தமில்லை என்று ஒரே வரியில் மனுவை மூடிவிடுவார்கள்.

இன்னும் சிலர் அமெரிக்காவை இழுக்கிறார்கள். 2022 ஜூனில் அங்கே உச்ச நீதிமன்றம், துப்பாக்கியோடு வெளியே போகத் தனியாகக் காரணம் காட்ட வேண்டும் என்ற நியூயார்க் சட்டத்தை ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் ரத்து செய்தது உண்மை. அங்கே அரசியல் சாசனத்தின் இரண்டாம் திருத்தம் இருக்கிறது, அதை வைத்து வாதாடினார்கள். அந்த நீதிமன்றமே 2024இல், குடும்ப வன்முறைத் தடையுத்தரவு உள்ளவரிடமிருந்து துப்பாக்கியை வாங்கி வைப்பது சரி என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சொன்னதை மட்டும் யாரும் பகிர்வதில்லை. நம் உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில், உத்தரப் பிரதேசத்துக் கள்ளத் துப்பாக்கி வழக்கொன்றில், அமெரிக்காவில் இருப்பது போன்ற அடிப்படை உரிமை இங்கே யாருக்கும் கிடையாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆக, 'உரிமை' என்று தொடங்கும் மனுவுக்கு இங்கே நிற்க இடமில்லை.

ஆனால் நம் சட்டத்துக்குள்ளேயே உங்களுக்கு வேண்டியது கிடக்கிறது. ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, 3ஆம் உட்பிரிவை எடுத்துப் படியுங்கள். உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக குழல் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்கும் குடிமகனுக்கு, மறுக்க 14ஆம் பிரிவில் சொன்ன காரணம் இல்லாவிட்டால், உரிமம் 'வழங்க வேண்டும்' என்கிறது அது. வழங்கலாம் என்றல்ல. அந்தத் துப்பாக்கி போதாது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால் தோட்டா போடும் வழவழப்புக் குழல் துப்பாக்கியும் கொடுக்கலாம். போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காரணமாக வைத்து மறுக்கக் கூடாது என்று 14ஆம் பிரிவே சொல்கிறது. கூடலூரில் ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் வரும் நிலத்தில் பட்டா இல்லாமல் பயிர் செய்பவர்களுக்கு இந்த வரி முக்கியம். பட்டா இல்லை என்றால் பயிர் செய்வதற்கு வேறு அத்தாட்சி வையுங்கள்: பச்சைத் தேயிலை போட்ட ரசீது, மின் இணைப்பு, முன்பு கொடுத்த பயிர்ச்சேத மனுவின் ஒப்புகை. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அது கையில் இருந்தால்தான் 18ஆம் பிரிவின்படி மேல்முறையீட்டில் எதை எதிர்க்கிறோம் என்று சொல்ல முடியும். "வாய்மொழியாக முடியாது என்றார்கள்" என்பதை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியிடமும் போக முடியாது.

அப்படியானால் பூட்டு எங்கே இருக்கிறது? ஆயுதச் சட்டத்தில் இல்லை, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் 34ஆம் பிரிவில். சரணாலய எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புதிதாக ஆயுத உரிமம் தர வேண்டுமானால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும். தேசியப் பூங்காவுக்கும் இதே விதி. முதுமலையிலிருந்து 10 கிலோமீட்டர் கோடு இழுத்தால் மசினகுடி, ஸ்ரீமதுரை, கூடலூர் எல்லாம் உள்ளே. முக்கூர்த்தி தேசியப் பூங்காவிலிருந்து இழுத்தால் அவலாஞ்சி உள்ளே. பந்தலூர்க்காரருக்குக் கேரளத்து வயநாடு சரணாலயம் பக்கத்திலேயே இருக்கிறது. (கொடைக்கானல் மேல்மலைக்காரர்களும் 2013இல் சரணாலயம் அறிவிக்கப்பட்டதிலிருந்து இதே வட்டத்தில்தான்.) கோத்தகிரி, குன்னூர் பக்கம் பல ஊர்கள் வெளியே வரக்கூடும். அளந்து பார்க்காமலே "நீலகிரியா, இசைவு வேண்டும்" என்று கோப்பில் எழுதிவிட்டால் அது சென்னைக்குப் போய் உட்கார்ந்துவிடும்.

ஆகவே சங்கத் தீர்மானத்தில் கேட்க வேண்டியது இரண்டு. ஒவ்வொரு வருவாய்க் கிராமமும் அந்த 10 கிலோமீட்டருக்கு உள்ளேயா வெளியேயா என்று சர்வே எண் வாரியாக மாவட்ட நிர்வாகம் பட்டியல் வெளியிட வேண்டும். உள்ளே இருப்பவர்களின் கோப்பு எந்தத் தேதியில் இசைவுக்குப் போனது என்பதை மனுதாரருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். காவல் நிலைய அறிக்கைக்கு 30 நாள் என்று 2016 ஆயுத விதிகளில் கெடு இருக்கிறது. அறிக்கை வராவிட்டால் அதற்குக் காத்திராமலும் அதிகாரி முடிவெடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. இசைவு விஷயத்தில் மனுதாரர் பிடித்துக்கொள்ள அப்படியொரு கெடு இல்லை, அதனால்தான் தேதியைக் கேட்கச் சொல்கிறோம்.

மனுவோடு புலப்பட வரைபட நகல், நிலத்துக்கும் சரணாலய எல்லைக்கும் உள்ள தூரம், கடைசி இரண்டு போகத்தில் எந்தத் தேதியில் எந்த விலங்கு எதைத் தின்றது என்ற குறிப்பு, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, மருத்துவச் சான்று, துப்பாக்கியை வீட்டில் எங்கே பூட்டி வைப்போம் என்ற உறுதிமொழி எல்லாம் முதல் நாளே சேர வேண்டும். பாதி மனுக்கள் திரும்புவது நிராகரிப்பால் அல்ல, ஒரு காகிதம் குறைவதால்.

இனி உறுப்பினர்களிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டியவை. உரிமம் கிடைத்தாலும் பன்றியைச் சுட அனுமதி கிடைத்ததாகாது. வன உயிரினச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி, பாதுகாக்கப்பட்ட விலங்குகளின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. சுட வேண்டுமானால் அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி தனி உத்தரவு வேண்டும். தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்த ஏற்பாட்டில், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள் மட்டும். ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவது, ஒன்றுக்குள் இரண்டும் கிடையாது. சமவெளியை மனதில் வைத்து வரைந்த கணக்கு இது. நம் மலையில் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தள்ளிய கேரட் பாத்தியை விளக்குப் பிடித்துத்தான் தேட வேண்டும். இந்தத் தூரக் கணக்கை மலை மாவட்டங்களுக்குத் தனியாகத் திருத்தச் சொல்வது நியாயமான கோரிக்கை, குடகு விலக்கைவிட எவ்வளவோ பலன் உள்ளது. காட்டெருமை, யானை, கரடி மூன்றும் முதல் அட்டவணை. அவற்றின் முன் உங்கள் துப்பாக்கிக்கு வேலையே இல்லை. அனுமதியில்லாமல் சுட்டுத் தண்டனை பெற்றால் நீதிமன்றம் உரிமத்தை ரத்து செய்து, 5 ஆண்டுக்கு மறு உரிமத்துக்குத் தகுதியில்லை என்றும் உத்தரவிடலாம்.

ஆக அந்தத் துப்பாக்கி பெரும்பாலும் சத்தத்துக்குத்தான். சத்தத்துக்கு வெடிப்பதிலும் விபத்து உண்டு. கரிமருந்து மூடுபனியில் ஈரம் இழுக்கும், மருந்தைப் பற்றவைக்கும் கேப் வெடித்தும் உள்ளே பற்றாமல் நிற்கும். உடனே குழல் வாயில் எட்டிப் பார்க்கக் கூடாது. ஆளில்லாத திசையில் பிடித்துக் குறைந்தது ஒரு நிமிடம் அப்படியே நிற்க வேண்டும், தாமதமாகவும் பற்றும். கெட்டித்ததை மறந்து இருட்டில் இன்னொரு முறை கெட்டிப்பதுதான் குழல் வெடிப்பதற்குப் பெரிய காரணம். காலிக் குழலில் கெட்டிக்கோல் எவ்வளவு இறங்குகிறது, மருந்து போட்டபின் எவ்வளவு இறங்குகிறது என்று கோலில் இரண்டு கோடு கீறி வைத்தால் இருட்டிலும் விரலால் தடவித் தெரிந்துகொள்ளலாம். வெடித்த இரவே வெந்நீரால் குழலைக் கழுவி, நன்றாகக் காயவைத்து எண்ணெய் விடவேண்டும். மருந்துக் கசடு ஈரம் பிடித்து நம் சீதோஷ்ணத்தில் வெகு சீக்கிரம் துருவாகிவிடும். தோட்டாத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கவனிக்க: எஸ்ஜி என்ற பெரிய ஈயக் குண்டு 35 மீட்டருக்குள்தான் வேலை செய்யும், ஆனால் அரை கிலோமீட்டர் வரைகூடப் பாயும். மேல் பாத்தியில் நின்று விளிம்புக்கு மேலே வெடித்தால் கீழே தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகள்.

கடைசியாக, பரணில் கிடக்கும் தாத்தா துப்பாக்கிகள். உரிமம் வைத்திருந்தவர் இறந்த பின்பு அதை வீட்டில் வைத்திருப்பது குற்றம். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, கூடினால் 5 ஆண்டு சிறை. தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து, குழல் எண் எழுதிய ரசீது வாங்கிக்கொண்டு, வாரிசு உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். உரிமதாரர் உயிரோடு இருக்கும்போதே, 70 வயதைத் தாண்டியிருந்தாலோ 25 ஆண்டு வைத்திருந்தாலோ, வாரிசுக்கு மாற்றிக் கேட்கலாம். உங்கள் சங்கத்தில் அப்படிப்பட்ட பெரியவர்கள் யார் யார் என்று அடுத்த கூட்டத்துக்கு முன்பே பட்டியல் எடுங்கள். அதற்கு எந்த நீதிமன்றத்தின் தீர்ப்பும் தேவையில்லை.

இப்படிக்கு,
ஆயுத உரிம மனுக்களும் மேல்முறையீடுகளும் எழுதித் தரும் சிலர்,
கூடலூர், கோத்தகிரி.