முதலில் அரங்கு, பிறகு கந்தோர்

திருகோணமலை

அன்பின் மச்சான்,

நீ அனுப்பிய படங்கள் கிடைத்தன. லண்டனில் ரயில் நிலைய வேலைக்காக 2009இல் அஸ்டோரியா என்ற பழைய இசை அரங்கை இடித்த இடத்தில், 2022இல் கந்தோர்களோடு (அலுவலகங்களோடு) சேர்த்து 602 இருக்கை அரங்கொன்றைத் திறந்திருக்கிறார்களே, அதுதான் மனதில் நிற்கிறது. அடியில் ரயில் ஓட, நடிகர் மூச்சு விடுவது கூடக் கேட்டது என்று எழுதியிருந்தாய். அப்படியான இடங்களில் மண்டபத்தைப் பெட்டிக்குள் பெட்டியாகக் கட்டி, உள்பெட்டியை ரப்பர்த் தாங்கிகளில் இருத்துவார்கள். அத்திவாரத்துக்கு முன்பே முடிவெடுத்தால்தான் அது நடக்கும்.

இங்கே எனக்கும் அந்தச் சத்தக் கவலைதான். நான் மேற்பார்வை செய்யப்போகும் கட்டடத்தில் கீழே கடைகள், நடுவில் இரண்டு மாடி கந்தோர், உச்சியில் "ஒரு ஹோல்", அதாவது அரங்கு. உச்சியில் வைத்தால் நடுத்தூண் இல்லாமல் தகரக் கூரையோடு சுலபமாக முடிக்கலாம் என்கிறார் உரிமையாளர். சரிதான். ஆனால் ஐப்பசி தொடங்கித் தை வரை நம் ஊர் மழை அந்தத் தகரத்தில் கொட்டும்போது மேடையில் யார் பேசி யாருக்குக் கேட்கும்? அரங்கைக் கீழே வைத்தாலோ, மேல்மாடித் தூண்களைத் தாங்க இராட்சத பீம்கள் வேண்டும். செலவு கட்டுப்படியாகாது.

பக்கத்துப் பக்கத்தில் கட்டுவதுதான் என் யோசனை. அரங்குக்குத் தனி அத்திவாரம், இடைவெளி விட்டு இரட்டைச் சுவர். லிப்ட், ஜெனரேட்டர் அதிர்வெல்லாம் கந்தோர்ப் பக்கத்தோடு நின்றுவிடும். ஏசிக் குழாய்களை அகலமாகப் போட்டால் காற்று மெதுவாக வரும், இரைச்சலும் குறையும். நாங்கள் நாடகம் போட்ட மண்டபம் ஞாபகம் இருக்கிறதா? வெறும் சீமெந்துச் சுவர், தலைக்கு மேல் கடகடக்கும் மின்விசிறிகள். நீ அடுத்த வசனத்தைத் தொடங்கினாலும் முந்திய வசனம் சுவர்களில் அலைந்துகொண்டே இருக்கும். பேச்சு நாடகத்துக்கு அந்த முழக்கம் ஒரு செக்கனளவில் அடங்க வேண்டும். மரப்பலகை, திரைச்சீலை, மெத்தை இருக்கை எல்லாம் அலங்காரத்துக்கு அல்ல என்று உரிமையாளருக்கு எப்படியாவது விளங்கப்படுத்த வேண்டும்.

காசுக் கணக்கிலும் நியாயம் இருக்கிறது. ஐந்து மணிக்குக் கந்தோர் வாகனங்கள் போனதும் அதே தரிப்பிடம் ஆறரை மணி நாடகத்துக்குக் காலியாக இருக்கும். வாடகை வருமானத்தில் ஒரு பங்கை அரங்கின் மின்கட்டணத்துக்கு ஒதுக்கலாம். அப்புறம், 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு, அக்கரைச் சனம் முன்பு போலப் பாதைப் படகுக்குக் காத்து நிற்கத் தேவையில்லை. ஆனால் நாடகம் முடியும் நேரத்துக்கு ஒரு பஸ் வேண்டும். அதற்கும் யாரையாவது பிடிக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் பொது நூலகத்துக்குப் பக்கத்தில் 2023இல் திறந்த கலாசார மையத்தில் 600 பேருக்கு மேல் இருக்கக்கூடிய அரங்கும் 11 மாடிக் கோபுரமும் இருக்கின்றன. நம் பிள்ளைகளுக்கும் ஒழுங்கான மேடை ஒன்று வேண்டும், மச்சான். கூத்தும் நாடகமும் பழகுகிற பிள்ளைகள் கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டு மேசைகளை ஒதுக்கிவிட்டு ஆடுகிறார்கள். பார்க்கவே மனம் பொறுக்கவில்லை.

காணியில் இப்போதைக்கு மான்கள்தான் மேய்கின்றன. வேலி போட்டும் இரவில் எப்படியோ உள்ளே வந்துவிடுகின்றன. அத்திவாரக் கிடங்கு வெட்ட முன் உரிமையாளரோடு இருந்து கதைக்கப்போகிறேன். நீ மறுபடி அந்த லண்டன் அரங்குக்கு நாடகம் பார்க்கப் போனால், பின்பக்கத்தையும் ஒரு சுற்றுப் பார். மேடைச் சாமான் ஏற்றிவரும் லொறி எந்த வாசலால் உள்ளே போகிறது, கந்தோர்க்காரர் வாசலுக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்று எழுது. வரைபடத்தில் எனக்கு இடிக்கிற இடம் அதுதான்.

உன் கூட்டாளி